பெல்ட்டில் ஒரு குறை

"காபிக்குச் சர்க்கரை போடலாமா தம்பி?" என்று தில்லையம்மாள் கேட்டபோது பாலகுரு தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான்.

நேராகத் தொங்கியிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பான். புதிதாக வாங்கிய பாதுகாப்பு பெல்ட்டின் வளையம் முதுகுப் பக்கம் இருந்தது. மரக்கிளையிலிருந்து இறங்கிய கயிறு அந்த வளையத்தில் மாட்டியிருந்தது. அதனால் தாய்ப்பூனை பிடரியைக் கவ்வித் தூக்கிய குட்டிபோல, கை கால்கள் கீழே தொங்க, முகம் தரையைப் பார்க்க, மெல்லச் சுழன்றுகொண்டிருந்தான். பதில் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் அவன் எதிரே இருந்தது மதில் சுவர். ஒரு சுற்று முடிந்து தில்லையம்மாளின் முகம் திரும்ப வந்ததும், "கொஞ்சமா போடுங்கம்மா" என்றான்.

கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் அவன் மனைவியின் தம்பி வினோத்குமார்.

"மாமா, எறக்கிடட்டா?"

"இரு" என்றது ஒரு கனத்த குரல். தில்லையம்மாளின் கணவர் கிருஷ்ணசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொங்குகிறவனை ஒரு முறை சுற்றி வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். கிருஷ்ணசாமி சொல்தாக்களுக்கே சொல்தா. அவர் வீட்டுச் செம்பருத்திச் செடிகள்கூட வரிசையில் நின்றுதான் பூக்கும்.

"கையை நீட்டு. கொம்பு எட்டுதா?"

"இல்லீங்க ஐயா."

"கயிறாவது எட்டுதா?"

"அது முதுகுப் பக்கம் இருக்குதுங்க."

"அப்ப மேல போயி இன்னா பண்ணுவ? சுத்திக்கினே இருப்பியா? இது விழுந்தா பிடிக்கிற பெல்ட்டு. மரத்துல உக்காந்து வேலை செய்யற பெல்ட்டு வேற. அதைப் பாத்து வாங்கிட்டு வா. எறக்குப்பா."

தீர்ப்பு சரியான தீர்ப்புதான். அதனால்தான் பாலகுருவுக்கு வருத்தம் அதிகமாயிற்று.

முற்றத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் ஆதிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாலகுரு முத்தியால்பேட்டைக்காரன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே மரம் என்றால் அவனுக்குப் படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஊரில் முறிந்த கொம்புகளை எடுக்க ஆள் தேடி ஜனங்கள் அலைவதைப் பார்த்தான். மரத்தைக் கொல்லாமல், வேண்டாத கொம்பை மட்டும் அழகாக எடுத்துக் கொடுக்கிற வேலையைத் தானே தொடங்கினால் என்ன என்று தோன்றியது. மணக்குள விநாயகரிடம் சொல்லிவிட்டு கம்பெனியை விட்டு வந்தான். மனைவி பார்வதியிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். வரிசையை மாற்றியிருக்க வேண்டும்.

"சித்திரை பொறக்கிற வரைக்கும் பாப்பேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். "அதுக்குள்ள ஒரு வேலையாவது ஒழுங்கா முடிச்சிக் காட்டுங்க. இல்லன்னா சேதராப்பட்டு பஸ்ல ஏறிடணும்."

கம்பெனி சூப்பர்வைசரும் அதுவரை அவன் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இன்னொரு பக்கம், கல்லூரி விடுதி ஒன்றின் வார்டன், வளாகத்து மரங்கள் எல்லாவற்றையும் அவனிடமே விடத் தயாராக இருந்தார். ஊரில் பெரிய மனிதர் யாராவது ஒருவர், இவன் பாதுகாப்பாக வேலை செய்கிறவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்தா கிருஷ்ணசாமியின் வார்த்தையைவிடப் பெரிய வார்த்தை ஊரில் கிடையாது. ஆக, பாலகுருவின் புது வாழ்வு முழுவதும் அவர் வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தின் ஒரு பட்ட கொம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கொம்பு மொட்டைமாடிக்கு மேலே நீண்டிருந்தது. அதை எடுக்கச் சொன்னது கிருஷ்ணசாமியும் இல்லை, தில்லையம்மாளும் இல்லை. பாரிசில் இருக்கும் மகள் சுடர்விழி. வருஷப் பிறப்புக்குப் பிள்ளைகளோடு வருகிறாள். வீடியோவில் பேசும்போது அப்பாவின் தலைக்குப் பின்னால் பட்ட கொம்பு தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் மாடியில் விளையாடும்போது விழுந்துவிட்டால் என்று பயந்து, அங்கிருந்தபடியே பாலகுருவின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை: முறையான பெல்ட் இல்லாமல் யாரும் மரத்தில் ஏறக்கூடாது, அதை அப்பா பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

முதல் நாள் பாலகுரு இடுப்பில் கயிறும் காலில் தளையுமாக வந்தான். அன்றே திருப்பி அனுப்பப்பட்டான். இரண்டாம் முறை, கம்பெனியில் கூரைமேல் ஏறும்போது போட்டுப் பழகியதைப் போலவே ஒரு பெல்ட்டை இரும்புக் கடையில் வாங்கி வந்தான். அதில்தான் இப்போது பூனைக்குட்டி ஆனது.

காபியை ஆற்றிக் கொடுத்தபடி தில்லையம்மாள் ஆறுதல் சொன்னார். "விடு தம்பி. இன்னிக்கி கரிநாள் வேற. புதுப் பொருளை இன்னிக்கி ஆரம்பிக்கவே கூடாது. எல்லாம் நல்லதுக்குத்தான்."

அவர் உள்ளே போனதும் ஆதிலட்சுமி துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"இந்த வீட்டுல ரெண்டே சட்டம்தாண்ணே. ராத்திரியில சத்தம் கேட்டா ஐயாவுக்கு ஆகாது. கெட்ட சகுனம் பட்டா அம்மாவுக்கு ஆகாது. எதிர்வீட்டு நாயி கொலைக்குதுன்னு அந்த நாயையே மாமியார் வீட்டுக்கு அனுப்ப வச்சவரு ஐயா. பல்லி சொன்னா அம்மா வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்துடுவாங்க. நீங்க அவசரப்படாதீங்க. பங்குனி முடியறதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்."

"நீ ஜோசியமும் பாக்கிறியாம்மா?" என்றான் வினோத்குமார்.

"பாக்கிறதை எல்லாம் சொல்லிட முடியுமா?" என்று அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

அன்று இரவே வினோத்குமார் செல்போனில் ஒரு பெல்ட்டைக் கண்டுபிடித்தான். படத்தில் ஒரு வெள்ளைக்காரன் அதைப் போட்டுக்கொண்டு பனிமலையில் தொங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

"பனிமலைக்குத் தாங்குறது தூங்குமூஞ்சி மரத்துக்குத் தாங்காதா மாமா?"

இடுப்பளவு கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்த கையோடு, லுங்கி முடிச்சையும் சேர்த்து, ரவிக்கைக்கு அளவெடுக்கும் நாடாவால் பார்வதி அளந்தாள். "மூச்சை விட்டுட்டு நில்லுங்க" என்றாள். அவன் விட்டான், வயிறும் விட்டது. பெல்ட் வந்து சேர்ந்தபோது, இடுப்பில் மாட்டினால் முழங்காலில் போய் நின்றது. திருப்பி அனுப்பி வேறு வாங்க ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பாலகுரு சோர்ந்துபோய்க் கோயிலுக்குப் போனான்.

அவன் சாமி கும்பிட்டுத் திரும்பி வருவதற்குள் பார்வதி பிரச்சினையைத் தீர்த்துவிட்டாள்.

முத்தியால்பேட்டையில் ரவிக்கை பெரிதானாலும், பேன்ட் சிறிதானாலும், பள்ளிக்கூடப் பை கிழிந்தாலும் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். தெருமுனை டெய்லர் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "துணி நல்ல துணிம்மா" என்று பாராட்டிவிட்டு, இரண்டு பக்கமும் வெட்டிப் பிடித்து, வெளியே தெரியாமல் உள்தையல் போட்டுக் கொடுத்தார். செல்போன் வைக்க ஒரு பாக்கெட்டும் அவராகவே வைத்துவிட்டார். வெட்டிய துண்டுகளையும் நேர்மையாகப் பையில் போட்டுக் கொடுத்தார். வினோத்குமார் அவற்றால் தன் பைக்கின் பின்சீட்டைக் கட்டிக்கொண்டான்.

பார்வதி புதுத்துணிக்கு வைப்பதுபோல பெல்ட்டின் ஓரத்தில் மஞ்சள் தடவினாள். கொக்கிக்குக் குங்குமம் வைத்தாள்.

"போட்டுப் பாருங்க."

அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அளவெடுத்துத்தானே தைத்தது.

அடுத்த முறை கிருஷ்ணசாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குங்குமத்தைப் பார்த்தார். பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு இடுப்புப் பட்டையைப் புரட்டினார்.

"இது யார் போட்ட தையல்?"

"எங்க தெரு டெய்லருங்க."

"ரவிக்கை தைக்கிறவரா?"

"பேன்ட்டும் தைப்பாருங்க ஐயா."

கிருஷ்ணசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கீழே சருகுக் குவியலை வைத்து, முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டு உட்காரச் சொன்னார். பாலகுரு உட்கார்ந்தான். 'டர்' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் அவன் சருகுக் குவியலில் உட்கார்ந்திருந்தான். பெல்ட் மட்டும் மரத்தில் இருந்தது, மஞ்சள் குங்குமத்தோடு, காலியாக.

"அடி படலியே?" என்று கிருஷ்ணசாமி கை கொடுத்துத் தூக்கினார். அப்போது அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது. நம்மேல் எவ்வளவு அக்கறை என்று பாலகுரு நெகிழ்ந்துபோனான். அவர் கண்கள் சிவந்திருந்ததையும் கவனித்தான்.

"தூக்கம் இல்லீங்களா ஐயா?"

"நோன், நோன். இல்லப்பா, நல்லா தூங்கினேன். இந்த வீட்டுல ராத்திரி ஒரு சத்தம்கூட கிடையாது" என்றார் அவர், சமையலறைப் பக்கம் பார்த்துச் சற்று உரக்க.

"ஆமாமா, ஒரு சத்தமும் கிடையாது" என்று தில்லையம்மாளும் உள்ளிருந்து உரக்கச் சொன்னார். காபி கொண்டு வந்தபோது அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் பாலகுரு பிள்ளையார் முன்னால் நின்றான். விழுந்ததற்கு அழ வேண்டுமா, முழங்கால் உயரத்திலிருந்து விழுந்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று யோசித்தான். நன்றிதான் சரி என்று பட்டது. மாடி உயரத்தில் அந்தத் தையல் விட்டிருந்தால் இப்போது பிள்ளையார்தான் அவனைப் பார்க்க வரவேண்டியிருந்திருக்கும். ஒரு தோப்புக்கரணம் சேர்த்தே போட்டான்.

நன்றி சொன்னவனைத் தெய்வம் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது பேச்சோடு பேச்சாக, கோட்டக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் மரங்களின் மேல் சின்னச் சின்ன வீடு கட்டும் அன்பழகன் என்பவரைப் பற்றிப் பூக்காரம்மா சொன்னாள். மறுநாளே போனான். அவர் கொட்டகையில் பெல்ட்டுகள் ஆணிகளில் தொங்கின. பாலகுரு இடுப்பில் வைத்து வைத்துப் பார்ப்பதைக் கண்டு அன்பழகன் சிரித்தார்.

"நின்னு பாக்காதப்பா. இதென்ன கல்யாணச் சட்டையா? இதுல உக்காந்து பாக்கணும். வளையம் முன்னாடி இருக்கா, தொடைப்பட்டை உறுத்துதா, பக்கத்து வளையத்துல இன்னொரு கயிறு போட்டு மரத்தைக் கட்டிக்க முடியுதா, அதைப் பாரு. கால் மரத்துப்போச்சுன்னா அது உன் பெல்ட்டு இல்ல."

மாமரத்தில் ஒவ்வொன்றாகத் தொங்கிப் பார்த்தான். ஒன்று விலாவில் குத்தியது. ஒன்று தொடையை அறுத்தது. அகலமான இடுப்புப் பட்டையும் முன்னால் வளையமும் இருந்த இன்னொன்றில் உட்கார்ந்தபோது, ஊஞ்சலில் உட்கார்ந்ததுபோல உடம்பு லேசாயிற்று. காற்று வந்தது. அன்பழகன் டீ வாங்கி வந்து பார்த்தபோது பாலகுரு மரத்தில் தொங்கியபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"இதுதான் உன்னுது" என்று அவர் அவனை எழுப்பினார். "எடுத்துக்கினு போ. வேலையை முடிச்சிட்டு வந்து கணக்கு பேசிக்கலாம்."

முன்பின் தெரியாதவனை நம்புகிற மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களால்தான் பலருக்குப் பொழுது விடிகிறது.

தெருவேப்பமரத்தில் பாலகுரு பயிற்சி எடுத்தான். ஜனங்கள் கூடினார்கள். ஏறினது ஏறிட்ட, அந்தப் பட்டத்தை எடுத்துக் கொடு என்றார் ஒருவர். இரண்டு வருஷமாகக் கிளையில் மாட்டியிருந்த பந்து இறங்கியது. ஒரு போர்வை இறங்கியது. தண்ணீர்த் தொட்டியின் மூடியும் இறங்கியபோது, அதன் சொந்தக்காரம்மாள் யார்மேலோ போட்டிருந்த பழியைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். பாலகுரு வெறும் கையோடு வீட்டுக்கு வந்தாலும் தெருவின் வாழ்த்தோடு வந்தான்.

பார்வதிக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனாலும், "தெருவுக்கு உழைச்சது போதும். சித்திரை வந்துக்கினே இருக்குது" என்றாள்.

புது பெல்ட்டோடு போய் நின்றபோது கிருஷ்ணசாமி ஒவ்வொரு கொக்கியாகத் தட்டிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. பிறகு பட்டாளத்து பைனாகுலரை எடுத்து மரத்தைப் பார்த்தார். பாலகுரு அடிமரத்தில் காலை வைத்தான்.

"அத்தான்சியோன்" என்று பிரெஞ்சில் எச்சரித்து அவர் கை உயர்த்தித் தடுத்தார். "தலைக்கு இன்னா போட்டிருக்க?"

"வினோத்தோட பைக் ஹெல்மெட்டுங்க."

"அது ரோட்டுல விழறதுக்கு. இதைப் போட்டுக்கினு மேல நிமிந்து பாக்க முடியுதா? முடியல பாரு. காதும் கேக்காது. கீழருந்து கத்தினா உனக்குத் தெரியுமா?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. பாலகுரு, இன்று மட்டும் ஹெல்மெட் இல்லாமல் என்று இழுப்பதற்குள் சமையலறை வாசலில் ஒரு தும்மல். ஒற்றைத் தும்மல். தில்லையம்மாள் கையில் ஒட்டியிருந்த மிளகுப்பொடியைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"ஒத்தைத் தும்மல் தம்பி. வேணாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"சகுனம் சரியில்லன்னா வேணாம்பா" என்றார் கிருஷ்ணசாமி. சகுனத்தை அவர் மதித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆதிலட்சுமி வேகவேகமாகக் கூட்டினாள். கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினாள்.

மரவேலைக்கான ஹெல்மெட்டும் வந்தது. அன்பழகனே கொடுத்தார். இப்போது கிருஷ்ணசாமிக்கு இன்னொரு சந்தேகம் வந்தது.

"மேல போயி உனக்கு மயக்கம் வந்துட்டா யாரு எறக்குவா?"

பாலகுரு திரும்பி வினோத்குமாரைப் பார்த்தான். வினோத்குமார் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான். யாரும் இல்லை.

வினோத்குமார் நாற்காலிமேல் ஏறி பல்பு மாட்டுவதென்றாலே கண்ணை மூடிக்கொள்கிறவன். அவனுக்கும் ஒரு பெல்ட் வந்தது. வேப்பமரத்தின் முதல் கவை வரை ஏறினான். அங்கே அம்மாவைக் கண்ட குழந்தைபோல மரத்தைக் கட்டிக்கொண்டான். இறங்கவில்லை. கூப்பிட்டால் முருகா முருகா என்று மட்டும் கேட்டது. பாலகுருவைக் காப்பாற்றப் பழக வந்தவனை பாலகுரு மேலே போய், தன் பெல்ட்டோடு சேர்த்து மாட்டி, ஒரு மூட்டையைப்போல இறக்கினான். தெருவே கைதட்டியது. ஒருவரைக் காப்பாற்றி இறக்குவது எப்படி என்று பாலகுருவுக்கு அன்றுதான் முழுசாகப் பிடிபட்டது. வெட்கம் தாங்காமல் வினோத்குமார் மறுநாள் அவனாகவே ஏறினான். அதற்கும் மறுநாள் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு ஏறினான்.

ஆனால் நாள் நிற்கவில்லை. ஒருநாள் கிருஷ்ணசாமி கயிற்றை வெயிலில் காட்டி இழை இழையாகப் பார்த்தார். ஒருநாள் கையுறையில் விரல் பெரிதாக இருக்கிறது என்றார். அவர் ஓய்ந்த நாளில் தில்லையம்மாளுக்கு அஷ்டமி வந்தது, நவமி வந்தது, எண்ணெய்க் குடத்தோடு யாரோ எதிரே வந்தார்கள். பாரிசிலிருந்து சுடர்விழி, "இன்னாப்பா, இன்னும் அந்தக் கொம்பு அப்பிடியே இருக்கு?" என்று கோபித்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில், பாதுகாப்பு முக்கியம் இல்லையா என்றார்கள்.

பங்குனி முடியப்போகிற ஒரு காலையில், பார்வதி சேதராப்பட்டு கம்பெனிச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கதவு ஆணியில் மாட்டியிருந்தாள். சாப்பாட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்திருந்தாள். அந்த முட்டைதான் பாலகுருவைக் கலங்க வைத்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான்.

"ஐயாகிட்ட முடியலன்னு சொல்லிட்டு, பெல்ட்டுங்களை அன்பழகன்கிட்ட குடுத்துட்டு வந்துடறேன்" என்றான்.

மறுநாள் சுடர்விழி வந்து இறங்குகிறாள். வேலை முடியாத வீட்டில் முகத்தைக் காட்டவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வினோத்குமார் பெல்ட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான்.

கிருஷ்ணசாமி கேட்டிலேயே நின்றிருந்தார்.

"ஐயா, நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

"அதெல்லாம் அப்பறம் சொல்லு. ஏறு."

பாலகுருவுக்குச் சரியாக விளங்கவில்லை. "பெல்ட்டு இன்னும் பாக்கலீங்களே?"

"பெல்ட்டுக்கு இன்னா? நல்லாத்தான் இருக்குது."

"கயிறு?"

"கயிறும் நல்லாத்தான் இருக்குது. ஏறுப்பா."

தில்லையம்மாள் சிரித்த முகமாக வெளியே வந்தார். "இன்னிக்கி ரொம்ப நல்ல நாளு தம்பி."

வினோத்குமார் செல்போனைப் பார்த்துவிட்டு மாமாவின் காதருகே வந்தான். "மாமா, இன்னிக்கி செவ்வாக்கெழமை. இப்ப மரணயோகம்னு போட்டிருக்குது."

"வாயை மூடு" என்றான் பாலகுரு.

ஆனால் உடனே ஏறிவிட அவனால் முடியவில்லை. இத்தனை நாள் திரும்பத் திரும்பப் போய் வந்ததில் அவன் மாறிப்போயிருந்தான். "ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்கய்யா" என்று சொல்லி, தன் கொக்கிகளைத் தானே பார்த்தான். வினோத்குமாரின் கொக்கிகளைப் பார்த்தான். வினோத்குமார் அவனுடையதைப் பார்த்தான். தையலைத் தடவினான், கயிற்றை நீவினான், ஹெல்மெட் பட்டையை இறுக்கினான். அவசரப்பட்டது கிருஷ்ணசாமிதான்.

ஏறுவதற்கு முன் அவர் அவனைக் கார் நிறுத்தும் பக்கம் தனியாக அழைத்துப் போனார். கொம்பை மொத்தமாக எடுக்க வேண்டாமாம். அடியில் பொந்து இருக்கும் பகுதியை ஒரு கை நீளத்துக்கு விட்டுவிடச் சொன்னார். ஜூலை மாதம் பிரெஞ்சு தேசிய நாளுக்கு அதில் கொடி கட்டப்போகிறாராம். "அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

மரத்தடிக்கு வந்தால் தில்லையம்மாள் தண்ணீர்ச் சொம்போடு நின்றார். பொந்து இருக்கும் பகுதியை ஒரு கை நீளத்துக்கு விட்டுவிட முடியுமா என்று மெல்லக் கேட்டார். கார்த்திகைக்கு அதில் விளக்கு வைக்க வேண்டுமாம். "ஐயாகிட்ட சொல்லிடாத தம்பி."

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமலே ஒன்றையே சொல்கிறார்களே என்று பாலகுரு அதிசயித்தான். அந்தப் பொந்துப் பகுதி கெட்டியாகத்தான் இருந்தது, விழாது. அதனால் இருவருக்கும் தனித்தனியாகத் தலையாட்டிவிட்டு ஏறினான்.

மேலே போய் பெல்ட்டில் உட்கார்ந்தான். பக்கக் கயிற்றை மரத்தைச் சுற்றி மாட்டினான். இரண்டு வீடுகளுக்கு நடுவே கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. கோயில் மணி கேட்டது. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒன்றாகப் பாடம் சொன்னார்கள். இரண்டாவது கயிற்றில் வினோத்குமார் கீழ்க்கவையில் உட்கார்ந்திருந்தான், இரண்டு கண்களையும் திறந்துகொண்டு. பட்ட கொம்பைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். மொட்டைமாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஒரு கை நீளம் மட்டும் பொந்தோடு நின்றது. பொந்தின் வாயில் பஞ்சுபோல ஏதோ ஒட்டியிருந்தது. பாலகுரு ஊதினான், பறந்துபோயிற்று.

இறங்கி வந்ததும் கிருஷ்ணசாமி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் எதிரிலேயே வார்டனுக்குப் போன் போட்டார். "இந்தப் பையனோட பெல்ட்டை ஒரு மாசமா நான் பாத்திருக்கேன். இவன் மாதிரி பொறுமையான ஆளை நான் பட்டாளத்துலயும் பாத்ததில்ல. கண்ணை மூடிக்கினு உங்க மரங்களைக் குடுக்கலாம்" என்றார். தில்லையம்மாள் பாயசம் கொடுத்தார். அவன் சொல்லாமலே சர்க்கரை நிறைய இருந்தது.

பாலகுரு பார்வதிக்குப் போன் செய்தான். விஷயத்தைச் சொன்னான்.

"அப்ப அந்தக் கம்பெனிச் சட்டையை டெய்லர்கிட்ட குடுத்து, உங்க சாமானுங்களுக்கு ஒரு பை தைச்சிடட்டா?" என்றாள்.

"பை மட்டும்தான் தைக்கணும்" என்றான் பாலகுரு.

கயிற்றைச் சுருட்டும்போது ஆதிலட்சுமி மரத்தூளைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். ஐயாவும் அம்மாவும் உள்ளே மகளின் அறையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுதாம்மா புரியல" என்றான் பாலகுரு. "இத்தனை நாளு ஒவ்வொண்ணுலயும் குறை சொன்னவங்க, இன்னிக்கி ஏன் எதையும் பாக்கல?"

ஆதிலட்சுமி வீட்டின் இந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தால் மேலே பொந்தைக் காட்டினாள்.

"இனிமே உங்க பெல்ட்டுல ஒரு குறையும் இருக்காதுண்ணே, பொந்துல இருந்த ஆந்தைக் குஞ்சு மூணும் நேத்து சாயந்தரம் பறந்துடுச்சி, அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு ஐயாவும், ஐயாவுக்குத் தெரியக்கூடாதுன்னு அம்மாவும் என்கிட்ட தனித்தனியா சத்தியம் வாங்கியிருக்காங்க, நீங்களும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."